ப்ராக்கும் பங்க்கும் ஒரே பாட்டுக்குள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீளமும் சிக்கலுமான ப்ராக் ராக், சட்டென்று வெடித்து முடிந்துவிடும் பங்க். இவை இரண்டும் கலந்த இசையைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். வாரக் கடைசியில் ஒரு சின்ன பேண்டில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். பேச்சு இந்தப் பக்கம் திரும்பினாலே வந்து விழும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இரண்டையும் நான் கேட்டதே இல்லை. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ப்ராக் என்பது ப்ரோக்ரஸிவ் ராக். மேற்கத்திய செவ்வியல் இசை, ஜாஸ், நாட்டார் பாடல் என்று கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் எடுத்துக்கொண்டு, ராக் பாட்டைப் பல அறைகள் கொண்ட வீடாகக் கட்டுவது. 1969இல் வந்த கிங் கிரிம்சனின் முதல் ஆல்பத்தைப் பலரும் தொடக்கமாகச் சொல்வார்கள். யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' (1972) 18 நிமிடத்துக்கு மேல் ஓடும். எல்பி தட்டின் ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரே பாட்டுதான்.

பங்க் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் நின்றது. நியூயார்க்கின் ரமோன்ஸ் 1976 ஏப்ரலில் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் 14 பாட்டுகள். எல்லாம் சேர்ந்தும் அரை மணி நேரம் வராது. 1977 ஜனவரியில் 'சைட்பர்ன்ஸ்' என்ற இங்கிலாந்துச் சிற்றிதழ் மூன்று கோர்டுகளுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளுக்கு) விரல் வைக்கும் இடத்தைப் படம் வரைந்து காட்டி, "இப்போது ஒரு பேண்ட் தொடங்கு" என்று எழுதியது. பங்க்கை அதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை.

ஆனால் இரண்டும் கீரியும் பாம்பும் ஆயிற்றே?

அப்படித்தான் நானும் படித்தேன், நம்பினேன். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் ஜான் லைடன், பிங்க் ஃப்ளாய்ட் என்ற ப்ராக் குழுவின் பனியனில் பெயருக்கு மேலே "வெறுக்கிறேன்" என்று எழுதிப் போட்டுக்கொண்டு திரிந்த கதையைச் சொல்லாத ராக் வரலாறு இல்லை. அந்தக் கதை உண்மைதான். ஆனால் அதே லைடன் 1977 ஜூலையில் லண்டன் கேப்பிடல் ரேடியோவில் தனக்குப் பிடித்த தட்டுகளைப் போட உட்கார்ந்தபோது என்ன போட்டார் தெரியுமா? பீட்டர் ஹேமில் பாடிய இரண்டு பாட்டுகள் அதில் உண்டு. ஹேமில் யார்? வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற கடுமையான ப்ராக் குழுவின் பாடகர்.

லைடன் எடுத்த தட்டு 'நாடிர்ஸ் பிக் சான்ஸ்'. 1975இல் வந்தது, பிஸ்டல்ஸ் மேடையேறுவதற்கும் முன்னால். பதினாறு வயதுப் பையன் ஒருவனின் குரலைக் கற்பனை செய்துகொண்டு ஹேமில் அதில் கத்தித் தீர்த்திருப்பார். உறையில் அவர் எழுதிய குறிப்பிலேயே 'பங்க்' என்ற சொல் வருகிறது. அதாவது எதிர்முகாமின் ஆள் என்று நாம் நினைத்தவர், அந்த முகாம் உருவாகும் முன்பே அங்கே போய்வந்துவிட்டார்.

இன்னும் சொல்லலாம். தி டேம்ட் என்ற பங்க் குழு தங்கள் இரண்டாவது ஆல்பத்துக்கு (1977) பிங்க் ஃப்ளாய்டின் பழைய பாடகர் சிட் பேரட்டைத் தயாரிப்பாளராகக் கேட்டார்கள். கிடைத்தவர் அதே குழுவின் டிரம்மர் நிக் மேசன். ஆல்பம் சுமார்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1980இல் அவர்களே 'கர்ட்டன் கால்' என்று 17 நிமிடப் பாட்டு ஒன்றை வெளியிட்டார்கள். நியூயார்க் பங்க்கின் தொட்டிலான சிபிஜிபி விடுதியில் வளர்ந்த டெலிவிஷன் குழுவின் 'மார்க்கீ மூன்' பத்து நிமிடப் பாட்டு. ஜெனிசிஸ் என்ற ப்ராக் குழுவை விட்டு வந்த பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்தில் ஒரு பாட்டுக்குக் கிடார் வாசித்தவர் பங்க் அலையில் வந்த தி ஜாம் குழுவின் பால் வெல்லர்.

பகை எல்லாம் பெரும்பாலும் வாரப் பத்திரிகைகளின் தலைப்பில் இருந்தது. வாசித்தவர்களின் வீட்டு அலமாரியில் இரண்டு வகைத் தட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

அப்படியானால் பங்க் வந்து ப்ராகை ஒழித்தது என்பது பொய்யா?

விற்பனைக் கணக்கில் பார்த்தால் பொய்தான். பங்க் உச்சத்தில் இருந்த 1977 கோடையில் யெஸ் குழுவின் புதிய ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஆனால் புதிதாகப் புறப்படும் ஒரு ப்ராக் குழுவுக்கு யாரும் கதவு திறக்கவில்லை என்பது உண்மை. பழைய ஆட்களும் மாறினார்கள். கிங் கிரிம்சனை 1974இல் கலைத்த ராபர்ட் ஃப்ரிப், நியூயார்க் போய், பங்க்கை ஒட்டி எழுந்த 'புதிய அலை' (நியூ வேவ்) இசைக்காரர்களோடு பழகி, 1981இல் 'டிசிப்ளின்' ஆல்பத்தோடு திரும்பினார். ஒல்லியான, இறுக்கமான, நடனமாடக்கூடிய கிரிம்சன் அது. என் கணக்கில் பங்க் ப்ராக்குக்குச் செய்த பெரிய நன்மை அதுதான்: கொழுப்பைக் கரைத்தது.

இந்தக் கலவையை முதலில் செய்தது யார்?

ஒரே ஒருவரை நாற்காலியில் உட்கார வைக்க முடியாது. லண்டனில் தி ஸ்ட்ராங்க்லர்ஸ் பங்க் கூட்டத்தோடுதான் வளர்ந்தார்கள். ஆனால் டேவ் க்ரீன்ஃபீல்டின் கீபோர்டைக் கேட்டால் ப்ராக்தான் காதில் விழும். 1982இல் பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போன 'கோல்டன் பிரவுன்' தெரிந்திருக்கும். அதன் முன்னிசையைக் கைதட்டி எண்ணிப் பாருங்கள். மூன்று, மூன்று, மூன்று, நான்கு. மொத்தம் 13. இதைக் கோடிக்கணக்கானவர்கள் தடுமாறாமல் முணுமுணுத்திருக்கிறார்கள்.

வயர் குழு 1977இல் 'பிங்க் ஃப்ளாக்' ஆல்பத்தில் 21 பாட்டுகளைச் சுமார் 35 நிமிடத்தில் முடித்தது. அவர்களை வெளியிட்ட ஹார்வெஸ்ட்தான் பிங்க் ஃப்ளாய்டையும் வெளியிட்ட கம்பெனி. அடுத்த ஆல்பத்திலேயே சின்தசைசரும் இருட்டும் வந்து சேர்ந்தன.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது திஸ் ஹீட் குழுவிடம். சார்ல்ஸ் ஹேவர்ட் ப்ராக் பின்னணியில் பழுத்த டிரம்மர். கேரத் வில்லியம்ஸுக்கோ வாத்தியமே வாசிக்கத் தெரியாது. தெரியாததால்தான் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்! தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டனில், கைவிடப்பட்ட இறைச்சித் தொழிற்சாலை ஒன்றின் குளிர்பதன அறையை ஸ்டுடியோவாக்கி, டேப்பை வெட்டி ஒட்டி, மாதக் கணக்கில் உழைத்தார்கள். 1981இல் வந்த 'டிசீட்' அணுகுண்டுப் பயத்தில் பிறந்த ஆல்பம். கைதேர்ந்தவனும் கையே வைக்காதவனும் சமமாக நின்று ஒரு பாட்டைச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

'ப்ரான்க்' என்று ஒரு சொல் அடிபடுகிறதே, அது என்ன?

ப்ராகையும் பங்கையும் ஒட்டவைத்த சொல். அந்தச் சொல்லைச் சொன்னதும் எல்லோரும் கைகாட்டுவது ஒரே குழுவை: கார்டியாக்ஸ். அதன் உயிரான டிம் ஸ்மித்துக்கு அந்தச் சொல் பிடிக்காது. தான் செய்வது பாப் பாட்டு என்பார்.

லண்டனை ஒட்டிய புறநகர்ப் பகுதியில், 1977இல், டிம்மும் அண்ணன் ஜிம்மும் தொடங்கியது. கையால் செய்த கேசட்டுகளில் ஆரம்பித்து, சொந்த லேபிளிலேயே ஆல்பங்களை வெளியிட்டு வந்தார்கள். பங்க்கின் 'நீயே செய்' கொள்கையை உண்மையிலேயே வாழ்ந்தவர்கள். ஆனால் மேடையில் சாக்ஸஃபோன், மரிம்பா, கீபோர்டு எல்லாம் இருக்கும். பாட்டு ஒரு நிமிடம் ஓடுவதற்குள் தாளம் நான்கு முறை மாறும். எதிர்பாராத கோர்டு ஒன்று தரையைப் பிடுங்கிக்கொண்டு போகும். அதற்கு மேலே, தெருவில் கோலி விளையாடும் பையன் கத்துவது போன்ற ஒரு குரல்.

1984இல் மரில்லியன் என்ற ப்ராக் குழுவுக்கு முன்னால் வாசிக்க ஊர் ஊராகப் போனார்கள். அந்த ரசிகர்கள் பொருட்களை எடுத்து எறிந்தார்கள். பங்க் ரசிகர்களுக்கு இவர்கள் வாசிப்பு அதிகம், ப்ராக் ரசிகர்களுக்கு இவர்கள் கத்தல் அதிகம். இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரன் இரண்டு பந்தியிலும் இலை கிடைக்காமல் நின்ற கதை. 'இஸ் திஸ் தி லைஃப்' பாட்டு 1988இல் பிரிட்டிஷ் பட்டியலில் 80ஆம் இடம் தொட்டது. அவர்களுடைய பெரிய வெற்றி என்றால் அதுதான்.

2008இல் டிம் ஸ்மித்துக்கு மாரடைப்பு. மூளை பாதிக்கப்பட்டு, உடல் அசைவும் பேச்சும் கிட்டத்தட்ட முழுவதுமாகப் போயின. 2010இல் அவருக்காக மற்றவர்கள் அவர் பாட்டுகளைப் பாடி வெளியிட்ட ஆல்பத்தில் இன்றைய ப்ராக்கின் பெரிய பெயரான ஸ்டீவன் வில்சன் அவர் பாட்டைப் பாடினார். 2018இல் ராயல் கன்சர்வட்வார் ஆஃப் ஸ்காட்லாந்து கௌரவ முனைவர் பட்டம் தந்தது. 2020 ஜூலையில் இறந்தார். செய்தி வந்த அன்று நான் வேறு எதையும் கேட்கவில்லை.

அமெரிக்கப் பக்கம்?

அங்கே கதை பேட் பிரெய்ன்ஸிலிருந்து தொடங்குகிறது. வாஷிங்டன் டி.சி.யில் மைண்ட் பவர் என்ற பெயரில் ஜாஸ் ஃப்யூஷன் வாசித்துக்கொண்டிருந்த நான்கு கறுப்பின இளைஞர்கள். அவர்களுக்கு ஆதர்சம் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா. பங்க் தட்டுகள் கைக்கு வந்ததும் ஆட்டத்தையே மாற்றினார்கள். விரல் பழகியது மட்டும் மாறவில்லை. 1980இல் வந்த 'பே டு கம்' ஒன்றரை நிமிடம்தான். அந்த வேகத்தில் ஒரு இடத்தில்கூடப் பிசிறு இல்லை.

இங்கே நமக்கு ஒரு சொந்த இழையும் உண்டு. மகாவிஷ்ணுவை நடத்திய ஜான் மெக்லாக்லின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். பிறகு விக்கு விநாயகராமின் கடத்தோடு சக்தி குழுவில் வாசித்தவர்.

1984 ஜூலையில் எஸ்எஸ்டி என்ற சிறிய கம்பெனி இரண்டு இரட்டைத் தட்டுகளை வெளியிட்டது. ஹஸ்கர் டூவின் 'ஜென் ஆர்கேட்' வீட்டைவிட்டு ஓடிப்போகும் பையன் ஒருவனின் கதை. கடைசிப் பாட்டு 14 நிமிடம், வார்த்தையே இல்லை. ப்ராக் குழுக்களின் 'கதை சொல்லும் ஆல்பம்' என்ற வடிவத்தை ஹார்ட்கோர் பங்க் பையன்கள் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் இரட்டைத் தட்டு போடுவதைக் கேள்விப்பட்டு மினிட்மென் தங்கள் ஆல்பத்தையும் இரட்டையாக்கினார்கள். 40க்கும் மேற்பட்ட பாட்டுகள், பெரும்பாலானவை இரண்டு நிமிடத்துக்குக் கீழே.

கனடாவின் விக்டோரியா நகரத்து நோமீன்ஸ்நோவையும் சொல்லியாக வேண்டும். ராப் ரைட், ஜான் ரைட் என்ற அண்ணன் தம்பி, ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். 1979இல் இப்படித் தொடங்கினார்கள். கிடாரே பின்னால்தான் வந்து சேர்ந்தது. 1989இன் 'ராங்' ஆல்பத்தில் பாட்டை முன்னே இழுத்துப் போவது பேஸ்தான். நான் பேஸ் எடுத்ததற்கு இவர்களும் காரணம்.

பாட்டு நீளமாக இருந்தால்தான் ப்ராக் என்று சொல்ல முடியுமா?

இல்லை. நோஃப்எக்ஸ் குழு 1999இல் 'தி டிக்ளைன்' என்று 18 நிமிடப் பங்க் பாட்டு செய்தது. க்ளோஸ் டு தி எட்ஜ் அளவுக்கு நீளம். ஆனாலும் அதன் எலும்பு பங்க்தான். பல சின்னப் பாட்டுகளைக் கோத்த சரம். மறுபக்கம், மூன்று நிமிடத்தில் ஒரு முழு ப்ராக் பயணத்தை முடித்துவிடும் கார்டியாக்ஸ் பாட்டுகள் பல உண்டு. நீளம் ஒரு விளைவு. பாட்டு எத்தனை இடத்துக்குப் போய்வருகிறது என்பதைப் பாருங்கள்.

மார்ஸ் வோல்டா இந்தக் கணக்கில் வருமா?

வரும், முதல் ஆல்பம் கட்டாயம். டெக்சஸின் எல் பாசோவிலிருந்து வந்த அட் தி டிரைவ்-இன் பங்க் குழு 2001இல் பிரிந்தது. அதிலிருந்து ஓமர் ரொட்ரிகெஸ்-லோபஸும் செட்ரிக் பிக்ஸ்லர்-சவாலாவும் கிளம்பி 2003இல் 'டீ-லவுஸ்டு இன் தி கோமட்டோரியம்' கொண்டுவந்தார்கள். இறந்துபோன நண்பர் ஒருவரின் நினைவில் எழுந்த கதை. அந்தத் துக்கம் பாட்டை விரட்டுகிறது. ஒரு நொடி சும்மா நிற்பதில்லை. 2005இல் 32 நிமிடப் பாட்டு வரை போனார்கள். அங்கே வாசிப்பு இருக்கிறது, முதல் ஆல்பத்தின் தவிப்பு எனக்குக் குறைவாகவே கேட்கிறது.

இந்தக் கலப்புக்கு என்னிடம் ஒரே ஒரு சோதனைதான். சிக்கலான பகுதி வரும்போது, "பார், எப்படி வாசிக்கிறேன்" என்று கேட்கிறதா, "இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது" என்று கேட்கிறதா? இரண்டாவது கேட்டால் பங்க் உள்ளே இருக்கிறது.

7/8 போன்ற தாளத்தைப் பங்க் வேகத்தில் எப்படி வாசிப்பது?

நம் ஊர்க்காரர்களுக்கு இது மற்றவர்களைவிட எளிது. ஏழு என்றால் மிஸ்ர சாபு: தகிட தகதிமி. ஐந்து என்றால் கண்ட சாபு: தக தகிட. வாத்தியத்தைத் தொடும் முன் இதை வாயால் சொல்லிக் கையால் தட்டுங்கள். "ஒன்று இரண்டு மூன்று" என்று எண்ணினால் வேகம் கூடியதும் நாக்கு சிக்கிக்கொள்ளும், சொற்கட்டு சிக்காது. நிமிடத்துக்கு 180 அடி வேகத்தில், ஓர் அடிக்கு இரண்டு எண்ணிக்கை என்பதால், 7/8இன் ஒரு சுற்று ஒரு நொடியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதற்குள் எண்ண நேரமில்லை. உடம்பில் ஊறியிருக்க வேண்டும்.

அடுத்தது டிரம்மருக்கு. ஏழின் ஒவ்வொரு மூலையையும் அழுத்திக் காட்டினால் கூட்டம் குதிக்க முடியாமல் நின்றுவிடும். ஸ்னேர் டிரம்மை இரண்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை, நேராக, விடாமல் அடிக்கச் சொல்லுங்கள். ஏழு ஒற்றைப்படை என்பதால் முதல் சுற்றில் ஸ்னேர் ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரியை) தாண்டிப் போகும். இரண்டாவது சுற்று முடியும்போது 14இல் இரண்டும் சமத்தில் வந்து சேரும். கிடார் ஏழில் ஓடும், கால் நான்கில் குதிக்கும். கேட்பவருக்கு ஏதோ இடறுகிறது என்று தெரியும், ஆட்டம் நிற்காது. எங்கள் ஒத்திகையில் இந்த ஒரு மாற்றம் செய்த அன்றுதான், அதுவரை வீட்டுப்பாடம் போல் இருந்த ஒரு பாட்டுக்கு உயிர் வந்தது.

ஏழை அமெரிக்கப் புதிய அலை எப்படிப் பயன்படுத்தியது என்று பார்க்க டீவோவின் 'ஜாக்கோ ஹோமோ' கேளுங்கள். விறைப்பான, இயந்திரம் நடப்பது போன்ற ஏழு.

கிடார் சத்தத்தை எப்படி வைப்பது? நிறைய கோர்டு, நிறைய டிஸ்டார்ஷன் இரண்டும் சேர்ந்தால் சேறாகிறதே.

ஆகத்தான் செய்யும். டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பு, ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, கோர்டில் இல்லாத புதுச் சுரங்களை உண்டாக்குகிறது. பவர் கோர்டில் இருப்பது ஆதார சுரமும் பஞ்சமமும் மட்டுமே என்பதால் அந்த மோதல் காதுக்கு இனிக்கிறது. நான்கைந்து சுரம் உள்ள கோர்டில் அதுவே இரைச்சலாகிறது.

வழி இரண்டு. கெயினை (டிஸ்டார்ஷன் அளவை) குறைத்து, கையால் பலமாக அடியுங்கள். கோபம் பெடலில் இல்லை, மணிக்கட்டில் இருக்கிறது. அல்லது கோர்டைப் பங்கு போடுங்கள்: கிடாருக்கு இரண்டு சுரம், பேஸுக்கு ஒன்று, மிச்சத்தைக் குரலோ கீபோர்டோ எடுத்துக்கொள்ளட்டும்.

கீபோர்டு கட்டாயமா?

இல்லை.

பாட்டை எழுதும்போது எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நல்ல, கத்திப் பாடக்கூடிய மெட்டிலிருந்து. சிக்கலான ரிஃப்பை முதலில் செய்துவிட்டு அதன்மேல் குரலை ஏற்றினால், பெரும்பாலும் குரல் வாடகைக்கு வந்தவன் போல் ஓரத்தில் நிற்கும். முதலில் மெட்டு. அந்த மெட்டு எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே தாளத்தை வெட்டுங்கள். ஐந்தும் ஏழும் அப்படித் தானாக வந்தால்தான் ஒட்டும்.

இன்னொன்று: ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பாலம் கட்டாதீர்கள். ப்ராக் குழுக்கள் அழகான பாலங்கள் கட்டின. பங்க் பக்கத்திலிருந்து நாம் கற்பது, கதவைத் திறக்காமல் சுவரை இடித்துக்கொண்டு போவது. ஒரே ஒரு டிரம் அடி, அடுத்த அறை. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பகுதியாக எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். எடுத்தது தெரியவே இல்லையென்றால், அதைத் திரும்ப வைக்க வேண்டாம்.

இப்போது யாராவது இதைச் செய்கிறார்களா?

லண்டனின் பிளாக் மிடி செய்தார்கள். 'ஷ்லாகன்ஹைம்' (2019) தொடங்கி 'ஹெல்ஃபயர்' (2022) வரை மூன்று ஆல்பம். முதலாவது கொதிக்கிறது, மூன்றாவது கணக்குப் போட்டுக் கொதிக்கிறது. இளம் வயதில் இவ்வளவு வாசிப்பை வைத்துக்கொண்டு இவ்வளவு ஆபத்தாக வாசித்தவர்கள் குறைவு.

ஒரே ஒரு பாட்டு சொல்லுங்கள், கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன்.

கார்டியாக்ஸின் 'சிங் டு காட்' (1996) இரட்டை ஆல்பத்தில் இரண்டாவது தட்டின் முதல் பாட்டு, 'டர்ட்டி பாய்'. கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம். கனமாக, மெதுவாக ஏறும். ஏறிக்கொண்டே இருக்கும். கடைசியில் கூட்டுக்குரல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்க, கீழே கோர்டுகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே போகும். நல்ல ஹெட்ஃபோனில், சத்தத்தைக் கூட்டி வைத்து, பாதியில் நிறுத்தாமல் கேளுங்கள்.